இடதுபக்கச் சீட்டின் அனுபவ பாத்தியதை

அக்கா, அநியாயம் நடந்தது எங்கள் அம்மாவுக்கு. அம்மா பெயர் தெய்வானை. செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அதோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே டீ குடிக்கிறாரே, எங்கள் அப்பா சென்னியப்பன். இன்னொருவர் கரூரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஜெயசீலன். வண்டிக்கு வேறு இன்ஜின் வைக்கிறோம் என்று சொல்லி, அம்மா உட்கார்ந்து வந்த முன்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அவளைப் பின்னால் அடுப்புக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள்.

நீங்கள் கேட்டது "இது வண்டியா, வீடா?" என்றுதான். தெரியும். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் பஸ் வர நேரம் இருக்கிறது என்றீர்களே, கேளுங்கள். கொஞ்சம் இப்படித் தள்ளி நிற்கலாம். அம்மா உள்ளே தூங்குகிறாள். கரூர் பைபாஸ் ஏறும்போது கண்ணை மூடியவள். எட்டயபுரமே தாண்டிவிட்டது, இன்னும் திறக்கவில்லை. அவ்வளவு மன உளைச்சல்.

நான் சிந்துஜா. சட்டம் படிக்கிறேன், நான்காம் வருஷம். வாதாடுவது எனக்குப் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையில்லை. யாராவது தப்பாகப் பேசினால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். எல்லோரும் தப்பாகவே பேசுகிறார்கள் என்றால் அது என் குற்றமா?

அப்பா அரசு பஸ் ஓட்டினவர். ரிட்டயரானதும் இந்தப் பழைய டீசல் வேனை வாங்கினார். அதற்கு முன் இது ஒரு மெல்லிசைக் குழுவின் வண்டி. பக்கவாட்டில் பாருங்கள், வெள்ளைப் பெயிண்ட்டுக்கு அடியிலிருந்து 'கானமழை' எட்டிப் பார்க்கிறது. எத்தனை கோட்டிங் அடித்தாலும் மறுபடி வந்துவிடுகிறது. உள்ளே ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குழாய், துணி மாட்ட ஒரு கம்பி. எல்லாம் கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களை வைத்துச் செய்தது. வேலை முடிந்த அன்று அம்மா உள்ளே பால் காய்ச்சினாள். பால் காய்ச்சினால் அது வீடு. டோல்கேட்டில் வண்டி என்று காசு வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிப் பழைய வேனில் இன்ஜின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்காது. டிரைவருக்கும் இடதுபக்கச் சீட்டுக்கும் நடுவில், உள்ளேயே, ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் அம்மா. அந்தச் சீட்டில் உட்கார்ந்து அம்மா எவ்வளவு அதிகாரமாக வருவாள் தெரியுமா? வண்டியில் இடதுபக்கக் கண்ணாடி கிடையாது. அம்மாதான் கண்ணாடி. அவள் "வரலாம்" என்றால்தான் அப்பா ஒடிப்பார். அவள் கையை வெளியே நீட்டினால் பின்னால் வருகிற லாரி நிற்கும். மழை பெய்தால் முன்கண்ணாடியைத் துடைக்கும் உரிமை முழுக்க முழுக்க அவளுக்குத்தான், ஏனென்றால் வைப்பர் பாதி தூரம் போய் நின்றுவிடும். அப்பாவுக்குக் கண் சொக்கினால் அவரைப் பேச வைப்பது, புளிப்பு மிட்டாயை உரித்து வாயில் போடுவது, வழி கேட்பது, டோல்கேட்டில் சண்டை போடுவது, மேட்டில் நிறுத்தினால் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைப்பது, எல்லா முடிவும் அவள் கையில். கிட்டத்தட்ட இணை ஓட்டுநர். நான் பெருமையாகக் காலேஜில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு மாவு. ராத்திரி அரைத்த மாவைப் பாத்திரத்தோடு அந்த இன்ஜின் பெட்டி மேல் வைத்துத் துணி சுற்றிவிடுவாள். இன்ஜின் சூட்டில் அருமையாகப் பொங்கும். எங்கே போய் இறங்கினாலும் சுடச்சுட இட்லி. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஒரு நிமிஷம் அக்கா. ஹார்ன் கேட்டதா? சின்னதாக ரெண்டு தடவை அடித்தால் தண்ணீர். கேனைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

வந்துவிட்டேன். எங்கே விட்டேன்? ஆங், இன்ஜின்.

போன பொங்கலுக்குப் பிறகு ஒட்டன்சத்திரம் பக்கத்தில் வண்டி ஒரு மாதிரி கத்தியது. அப்புறம் வெள்ளையாகப் புகை. அப்புறம் நின்றுவிட்டது. அப்பா இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ செத்துப்போனதைச் சொல்கிற குரலில், "உக்காந்திருச்சு" என்றார். இன்ஜின் போய்விட்டால் அப்படித்தான் சொல்வார்களாம், உட்கார்ந்துவிட்டது என்று. பாருங்கள், அன்றைக்கு உட்கார்ந்தது இன்ஜின். ஆனால் கடைசியில் உட்கார இடமில்லாமல் போனது அம்மாவுக்கு.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சீலன் பட்டறையில் விட்டோம். சீலன் இருக்கிறாரே, அவருக்குத் தெரிந்த ஒரே பதில் "பண்ணிடலாமுங்க". இன்ஜின் சரியாகுமா? பண்ணிடலாமுங்க. எப்போது கிடைக்கும்? பண்ணிடலாமுங்க. இதற்கு முன் இந்த மாதிரி வண்டிக்குப் பண்ணியிருக்கிறீர்களா? அதையும் பண்ணிடலாமுங்க. பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் தேறவில்லை. சாமான் எங்கேயும் கிடைக்காது, அந்த மாடலே நின்றுபோய் எத்தனையோ காலம் ஆயிற்று, வேறு இன்ஜின்தான் வைக்க வேண்டும் என்றார். சேலத்தில் ஒரு சின்ன லாரி இன்ஜின் இருக்கிறது, விபத்தில் சிக்கின வண்டி, அதிகம் ஓடாதது.

அம்மா உடனே கேட்டாள். "அந்த லாரியில யாராச்சும் போயிட்டாங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்கக்கா. நின்னுட்டிருந்த வண்டிய எவனோ பின்னாடி வந்து இடிச்சுட்டான். டிரைவர் டீ குடிச்சிட்டிருந்தாராம்."

"கிளீனரு?"

"அவனும் டீதானுங்க."

"அப்பச் செரி" என்றாள் அம்மா. கவனியுங்கள், அந்த நேரத்திலும் முகம் தெரியாத ஒரு கிளீனரைப் பற்றிக் கவலைப்படுகிற மனசு அவளுக்கு.

பட்டறைக்கு முன்னால் இருக்கும் வேப்பமரக் கிளையில் சங்கிலி மாட்டி, பழைய இன்ஜினை இறக்கினார்கள். அதை வெளியே எடுக்க இடதுபக்கச் சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றினார்கள். தற்காலிகம் என்று நினைத்தேன். நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டு அடுத்த லீவுக்கு வந்து பார்க்கிறேன், புது இன்ஜின் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, சீட்டு பட்டறைச் சுவரோரம் கிடக்கிறது, அதன் மேல் ஒரு பூனை!

"அண்ணா, சீட்டு?"

"இன்ஜின் கொஞ்சம் அகலமுங்க அம்மிணி. பெட்டியக் கதவு வரைக்கும் இழுத்துட்டேன். இனி அங்க சீட்டு வராது. அம்மா பின்னாடி சவுகரியமா வரட்டும். கட்டில் இருக்குதுல்ல?"

பின்னாடி! சவுகரியமா! ஐம்பத்தெட்டு வயசுப் பெண்மணியைப் பார்வையிலிருந்தே அகற்றிவிட்டு, அதற்குப் பெயர் சவுகரியம். அக்கா, எனக்கு வந்ததே கோபம்.

நான் அங்கேயே நின்று கேட்டேன். "ஒருத்தர் ஓர் இடத்தைத் தொடர்ந்து, தடையில்லாம, எல்லாருக்கும் தெரியறாப்ல அனுபவிச்சுட்டு வந்தா, அந்த அனுபவத்தாலேயே அவங்களுக்கு அதுல உரிமை வந்துரும். அதுக்குப் பேரு அனுபவ பாத்தியதை. எங்கம்மாவுக்கு அந்தச் சீட்டு மேல அனுபவ பாத்தியதை இருக்குது. நீங்க எப்படி எடுக்கலாம்?"

சீலன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அது நெலத்துக்குத்தானுங்களே?"

இந்த மாதிரிக் கேள்விதான் எனக்குப் பிடிக்காது.

"எத்தன வருசம் அனுபவிக்கோணுமுங்க?" என்று அடுத்ததைக் கேட்டார்.

"இந்த வண்டியில நாலு வருசம். அதுக்கு முன்னாடி அப்பாகிட்ட பழைய கார் இருந்துச்சு. அதுலயும் இடதுபக்கம் அம்மாதான். கல்யாணமானதுல இருந்து கணக்குப் போடுங்க."

"அது காருங்க. இது வேனுங்க."

நான் அடுத்து மாவுக்குப் போனேன். புதுப் பெட்டிக்கு மேல் சூடு வராமல் மெத்தை மாதிரி ஏதோ ஒட்டி வைத்திருந்தார். மாவு எப்படிப் புளிக்கும்? இது தெளிவான சேவைக் குறைபாடு. முன்பு இருந்த வசதி பின்பு இல்லை என்றால் யார் பொறுப்பு?

"ஏனுங்க சென்னியப்பண்ணா," என்றார் சீலன் அப்பாவைப் பார்த்து. "இத்தன வருசமா எத்தனையோ வண்டிக்கு இன்ஜின் ஏத்தியிருக்கறேன். பிக்கப் இல்லைன்னு வந்திருக்காங்க, மைலேஜ் இல்லைன்னு வந்திருக்காங்க. மாவு பொங்கலைன்னு இன்னைக்குத்தானுங்க கேக்கறேன்."

அப்பா சிரித்தார் அக்கா. சிரித்தார்! பெற்ற மகள் தன் மனைவிக்காக நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், இவர் வேப்பமரத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். அப்புறம் சொன்னார், "உங்கம்மாளே வேண்டாம்னுட்டா கண்ணு."

இதுதான் பழைய தந்திரம். எல்லா வீட்டிலும் இதைத்தானே சொல்வார்கள்? அவளே வேண்டாம் என்றாள், அவளே படிப்பை விட்டாள், அவளே வேலைக்குப் போகவில்லை. நான் சொல்லிவிட்டேன், "அம்மா தன் வாயால சொல்லட்டும்."

அம்மா அப்போது தூக்குப் பாத்திரத்தில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்று, "பயப்படாம சொல்லும்மா. இந்தச் சீட்டு உனக்கு வேணுமா, வேண்டாமா?" என்றேன். அம்மா வாயைத் திறந்தாள். அவள் கண்ணைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "பாத்தீங்களா, சொல்ல முடியாமத் தவிக்கறா. ரெண்டு ஆம்பளைங்க முன்னாடி ஒரு பொம்பள எப்படி மனசுவிட்டுப் பேசுவா?" என்று நானே சொல்லிவிட்டேன். அம்மா வாயை மூடிக்கொண்டு, தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, இன்ஜின் ஓடாத அந்த வண்டிக்குள் ஏறிக் கட்டிலில் படுத்துவிட்டாள்.

"பாருங்க! தர்ணா!" என்றேன்.

அடுத்த நாளும் சோறு கொண்டுவந்தாள், ஏறினாள், படுத்தாள். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அசையாமல் கிடக்கிறாள். மௌனப் போராட்டம் என்றால் அப்படி ஒரு மௌனம். லேசாகக் குறட்டை வந்தது. பசி மயக்கமாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள், ஆனாலும்.

சீலன் ஒரு தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. உங்கம்மாகிட்ட நீங்க கேட்டீங்களா?" என்றார்.

"உங்க முன்னாடிதானே கேட்டேன்?"

"கேட்டீங்க. அவங்க சொன்னாங்களா?"

"சொல்லவிடற சூழ்நிலை இருந்தாத்தானே சொல்லுவாங்க!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பண்ணிடலாமுங்க" என்று போய்விட்டார்.

நான் விடவில்லை. தினமும் பட்டறைக்குப் போனேன். பட்டறையில் எல்லோரும் எனக்கு 'பாத்தியதை அம்மிணி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்து டீக்கடைக்காரர், "பாத்தியதைக்கு ஒரு டீ போடட்டுங்களா?" என்பார். போடுங்கள், எனக்கென்ன? கடைசியில் சீலன் இறங்கி வந்தார். கதவுப் பக்கத் தூணில் வெல்டிங் வைத்து ஒரு மடக்குச் சீட்டு போட்டுக் கொடுத்தார். முழங்காலுக்கு இடம் வேண்டும் என்று, பெட்டியின் இந்தப் பக்கம் ஒட்டியிருந்த மெத்தையை அறுத்துவிட்டார். அதனால் சூடு நேராக என் முழங்காலில் அடிக்கிறது. பரவாயில்லை. ஒரு வெற்றி என்றால் கொஞ்சம் சுடத்தான் செய்யும். மாவு கூடப் புளிக்கிறது. பெட்டியின் மேல்பக்கத்தில் இன்னும் மெத்தை இருப்பதால் பாத்திரத்தை என் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

ஆமாம், இப்போது அங்கே உட்கார்ந்து வருவது நான்தான். நீங்கள் சிரிக்கக் கூடாது. இதில் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. உரிமை உள்ள இடத்தைக் காலியாக விடக் கூடாது. விட்டால் கைவிட்டதாக அர்த்தமாகிவிடும். அம்மா மனசு மாறி வந்து உட்காரும் வரை அவள் சார்பாக அந்த அனுபவத்தை நான் தொடர்ந்துகொண்டிருக்கிறேன். காலையிலிருந்து தொடர்கிறேன். கோவில்பட்டிக்கு முன்னால் ஒரு தூறல் போட்டது, இறங்கித் துடைத்தேன். திருச்செந்தூர் போய்ச் சேர்வதற்குள் அப்பா இன்னும் எத்தனை மிட்டாய் கேட்பாரோ, பாக்கெட் முடியப்போகிறது.

மறுபடி ஹார்ன். இது நீளமாக அடித்தார், கவனித்தீர்களா? நீளமாக என்றால் கல். ஹேண்ட்பிரேக் அவ்வளவு பிடிக்காது, தரை சரிவாக இருக்கிறது இல்லையா. முன்னால் வைத்தது நகர்ந்துவிட்டது போல. ஓடி வைத்துவிட்டு வருகிறேன், இங்கேயே இருங்கள்.

அப்பாடா. அந்தப் பெரிய கல்லைத் தூக்கி வைத்தேன். கையெல்லாம் மண்.

உங்கள் பஸ் அதுவா? இல்லை, அது வேறு. நல்லது. கடைசிக் கட்டத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள், அதற்குத்தான் எனக்கு உங்கள் தீர்ப்பு வேண்டும்.

இன்று காலை. வண்டி கிளம்பத் தயார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சீலனும் வழியனுப்ப வந்திருக்கிறார், புது இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. அப்பா ஏறி உட்கார்ந்தார். நான் மடக்குச் சீட்டை விரித்து, தூசி தட்டி, ஒரு துண்டு போட்டு, "வாம்மா" என்றேன். அம்மா வந்தாள். சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்தாள்!

நான் ஓடிப் போய்க் கதவை மறித்துக்கொண்டேன். "இன்னைக்கு நீ பதில் சொல்லியே ஆகோணும். உனக்காக நான் எத்தன நாள் அந்தப் பட்டறையில கெடந்திருக்கறேன்! அவங்க உன்னைய மெரட்டினாங்களா? இல்ல, நீயே..."

அக்கா, இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அம்மா கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. திறந்தாள். ஒரு முழு இட்லியை எடுத்தாள், பொடி தடவினது. என் வாய்க்குள் திணித்தாள். சாட்சி வக்கீலின் வாயை அடைக்கிறது! என்னால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அப்பா முன்னால் எட்டிப் பார்க்கிறார், சீலன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த இட்லி கரைகிற வரைக்கும் அம்மா பேசினாள். நான் பேசாத நேரம் பார்த்து.

சட்டத்தில் இதற்குப் பெயர் பிறழ் சாட்சி. நம் பக்கம் நிற்க வேண்டிய சாட்சி கூண்டில் ஏறியதும் எதிர்ப்பக்கம் பேசுவது. முப்பது வருஷமாகப் பழகிப்போனதால் வருகிற பேச்சு அது, நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். கரூரிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டு வருகிறேன், மாவுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு. இதற்கு மறுப்பு வாதம் ஏதோ ஒன்று இருக்கிறது, இன்னும் பிடிபடவில்லை.

வந்துட்டேன்ப்பா, கல்லை எடுக்கறேன்!

கிளம்பச் சொல்கிறார். பரவாயில்லை, சொல்லிவிட்டே போகிறேன். அம்மா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்கிறேன், இது ஒரு பதிலா என்று நீங்களே சொல்லுங்கள்:

"சீட்டைக் கழட்டச் சொன்னதே நான்தான் கண்ணு. இவர் மாட்டேன்னாரு, சீலன் வேற இன்ஜின் பாக்கலாம்னாரு, நான்தான் இதுவே இருக்கட்டும், சீட்டு போகட்டும்னேன். நீ அதைச் சீட்டுன்னு நெனச்சுட்டிருக்கற. அது கிளீனர் வேலை. லாரிக் கிளீனருக்காச்சும் தெனம் பேட்டாக் காசு உண்டு, வண்டி நின்னாத் துண்டை விரிச்சுப் படுத்துக்குவான். நான் கல்லு வெச்ச கையோட வந்து இட்லியும் வெக்கோணும். எந்த ஊருக்குப் போனாலும் ரோட்டையும் உங்கப்பா கண்ணு சொக்குதான்னும்தான் பாத்திருக்கறேனே தவிர, ஒரு பொழுது அசந்து தூங்குனதில்ல. என்னமோ சொன்னியே, அனுபவ பாத்தியதைன்னு. அனுபவம் எனக்குப் போதும் சாமி. பாத்தியதைய நீ வெச்சுக்க."